45 லிட்டர் ஐஸ் பெட்டியை மாஷ் கலனாக மாற்றுவது: துளை, வடிகட்டி, மூடி பற்றிய ஐயங்கள்

மினியாபோலிஸ்வாசி

வணக்கம். இதுவரை கடையில் விற்கும் மால்ட் சாற்றைக் கரைத்தே வீட்டில் பியர் தயாரித்து வந்த நான், இனி உடைத்த தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து (அந்தக் கலவையே மாஷ்) தொடங்கும் முறைக்கு மாற விரும்புகிறேன். 48 குவார்ட், அதாவது ஏறத்தாழ 45 லிட்டர் கொள்ளும் செவ்வக ஐஸ் பெட்டி ஒன்று கராஜில் பயனின்றிக் கிடக்கிறது. அடிப்பகுதியில் வடிகால் துளையும் அதற்கொரு பிளாஸ்டிக் மூடியும் உண்டு. அந்தத் துளையே போதுமா, அல்லது வேறோர் இடத்தில் புதிதாகத் துளையிட்டுக் குழாய் பொருத்துவது நல்லதா என்பது என் முதல் ஐயம். உள்ளே வைக்கும் வடிகட்டிக்குச் செம்புக் குழாய், எஃகுப் பின்னல், துளையிட்ட தகடு என ஆளுக்கொன்று சொல்கிறார்கள். குளிர்ச்சியைக் காக்கச் செய்த பிளாஸ்டிக், 70 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட நீரைத் தாங்குமா என்ற கவலையும் இருக்கிறது.

டென்வர் கொதிகலன்

கருவியைப் பற்றி முடிவெடுக்கும் முன், இந்தப் பெட்டியிடம் நாம் எதிர்பார்க்கும் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து வெந்நீரில் கலக்கும்போது, அதிலுள்ள பீட்டா அமைலேஸ், ஆல்ஃபா அமைலேஸ் ஆகிய இரு நொதிகளும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. முன்னது 60 முதல் 65 டிகிரி வரையிலும் பின்னது 68 முதல் 72 டிகிரி வரையிலும் சிறப்பாக வேலை செய்வதால், இடைப்பட்ட 65 முதல் 68 டிகிரிக்குள் ஒரு மணி நேரம் வைத்திருப்பதே பெரும்பாலான பியர் வகைகளுக்கு வழக்கம். 65இல் வைத்தால் ஈஸ்ட் எளிதில் உண்ணும் சர்க்கரை மிகுந்து பியர் மெலிவாகவும் உலர்வாகவும் அமையும். 69இல் வைத்தால் உண்ணப்படாத சர்க்கரை எஞ்சி, வாயில் கனம் தெரியும். ஆகவே நமக்கு வேண்டியது வெப்பமூட்டும் பாத்திரம் அல்ல, ஏற்றிய வெப்பத்தை அசையாமல் வைத்திருக்கும் பாத்திரம். அடுப்பின் மீதுள்ள பாத்திரத்தில் வெப்பம் குறையும்போதெல்லாம் தீயைக் கூட்டினால், அடியிலுள்ள மாஷ் நொதிகள் அழியும் அளவுக்குச் சூடேறும், மேற்பகுதியோ குளிர்ந்தே இருக்கும். ஐஸ் பெட்டியில் அந்தச் சிக்கலுக்கே இடமில்லை.

அதனால் அதன் காப்புச் சுவரைக் குறைக்கும் எந்த மாற்றமும் பெட்டியை வைத்திருப்பதன் பயனையே குறைப்பதாகும் என்பது என் கருத்து. சுவரில் புதிய துளை வேண்டாம். இருக்கும் வடிகால் துளை போதும். அது தரையிலிருந்து சற்று உயரத்தில் இருந்தால், பெட்டியின் மறுமுனைக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, பெட்டியின் உட்சுவர் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தே விடை சொல்ல முடியும். அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் உருகுவதற்கு ஏறத்தாழ 130 டிகிரி வேண்டும் என்றாலும், அதற்கு வெகு முன்பே அது நெகிழத் தொடங்கிவிடும். பாலிஸ்டைரீன் வகை உட்சுவர் கொதிநீரை நெருங்கும்போதே உருக்குலையும். எனவே எந்தப் பெட்டியிலும் கொதிநீரை வெற்றுச் சுவரில் ஊற்றாதீர்கள். மாஷுக்கு வேண்டிய 72, 74 டிகிரி நீரைப் பாலிஎத்திலீன் பெட்டிகளில் பலர் பல்லாண்டுகளாக ஊற்றிவருகிறார்கள். ஆயினும் உங்கள் பெட்டியைச் செய்த நிறுவனம் வெந்நீருக்கு உரியதன்று என்று அச்சிட்டிருந்தால், அதை மீறுவது உங்கள் பொறுப்பு.

சுவரை விட மூடியைத்தான் நான் கவனிப்பேன். பல ஐஸ் பெட்டிகளில் சுவருக்குள் பாலியூரித்தேன் நுரை இருக்கும், மூடியோ உள்ளீடற்ற கூடு. குளிர்ந்த காற்று கீழே தங்கும் என்பதால் ஐஸுக்கு அது பெரிய குறையன்று. சூடான மாஷுக்கோ இழப்பின் பெரும்பகுதி மேற்பக்கமாகவே நடக்கிறது. மூடியின் உட்புறத்தில் சிறு துளைகளிட்டு, சன்னல் சட்டங்களுக்குப் பயன்படும் குறைவாக விரியும் நுரையைச் செலுத்தலாம். அதிகம் விரியும் நுரையைச் செலுத்தினால் மூடி உப்பிப் பிறகு சரியாகப் படியாது. அவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் மூடிய பெட்டியின் மேல் தடித்த கம்பளி ஒன்றைப் போர்த்தினாலே கணிசமான வேறுபாடு தெரியும்.

குழாய்ப் பணியாளர்

மேலே நண்பர் கூறியவற்றுடன் உடன்படுகிறேன். பொருத்துவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பிழைப்பே அதுதான்.

பிளாஸ்டிக் வடிகாலை மறையைத் திருகிக் கழற்றினால் கிடைக்கும் துளையில், பெரும்பாலான பெட்டிகளில் அரை அங்குல நிப்பிள் (இரு முனைகளிலும் மறையுள்ள குட்டைக் குழாய்) ஒன்று நுழையும். அரை அங்குலம் என்பது பெயரளவுதான். அந்த நிப்பிளின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். கடைக்குப் போகும் முன் துளையை மட்டுமன்றிச் சுவரின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். சுவரைக் கடந்து இருபுறமும் மறை தெரியும் நீளம் வேண்டும், குட்டை நிப்பிள் நடுவிலேயே நின்றுவிடும். உட்புறம் கசிவைத் தடுக்கும் வளையமான சிலிக்கோன் ஓ-ரிங், அதன் மேல் அகன்ற துருப்பிடிக்காத எஃகு வாஷர், அதன் மேல் நட்டு. வெளிப்புறம் வாஷர், அடுத்து உருண்டை அடைப்பான் கொண்ட வால்வு (ball valve). நீரின் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளுவதால், கசிவைத் தடுக்க வேண்டிய இடம் உட்சுவர். வெளிப்புறத்தில் எவ்வளவு பசை பூசினாலும், உட்புறம் அடைபடவில்லை என்றால் மாஷிலிருந்து வடியும் இனிப்பான சாறு, அதாவது வோர்ட், இரு சுவர்களுக்கும் இடையிலுள்ள நுரைக்குள் இறங்கிப் புளித்து நாறும், அதை வெளியே எடுக்க வழியே இல்லை. மறைகளுக்கு டெஃப்லான் டேப் சுற்றுங்கள். முறுக்கும்போது கை இறுக்கத்துக்கு மேல் கால் சுற்று போதும். நுரையின் மீது நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் அதற்கு மேல் தாங்காது.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்கள், நடுவில் துளையுள்ள ரப்பர்த் தக்கையை வடிகாலில் திணித்து, அதன் வழியே குழாயைச் செலுத்தி, குழாயின் முனையில் வால்வை வைத்துக்கொள்ளலாம். பார்ப்பதற்கு அழகில்லை, ஆனால் பெட்டியில் எதையும் மாற்றாமல் செய்துவிடலாம். கோடையில் மீண்டும் மீன்பிடிக்க எடுத்துச் செல்லவும் முடியும்.

பித்தளையா எஃகா என்று கேட்பீர்கள். செலவு தாங்கும் என்றால் 304 தரத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். பித்தளையில் காரீயம் சிறிதளவு கலந்திருக்கும், மாஷோ சற்றுப் புளிப்பானது. அமெரிக்காவில் குடிநீருக்கான பொருத்துகளில் காரீயம் சராசரியாக 0.25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2014 முதல் நடப்பில் இருப்பதால், அவ்விதிக்கு உட்பட்டது என்ற முத்திரையுள்ள புதிய பித்தளையைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. பழைய பித்தளையாக இருந்தால், இரண்டு பங்கு வெள்ளை வினிகரும் ஒரு பங்கு 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலில் சில நிமிடங்கள் போட்டு, மேற்பரப்பு வெண்ணெய் நிறத்துக்கு மாறியதும் எடுத்துக் கழுவுங்கள். மேற்பரப்பிலுள்ள காரீயம் அதில் கரைந்துவிடும். துத்தநாகம் பூசிய இரும்பை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள்.

வெளியே இணைக்கும் குழாய் சிலிக்கோனாக இருக்கட்டும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் வினைல் குழாய் இந்த வெப்பத்தில் துவண்டு, மடிந்து, ஓட்டத்தை அடைத்துவிடும். வெள்ளை பி.வி.சி. குழாய்க்கான உச்ச வெப்பம் 60 டிகிரிதான். சுடுநீருக்கென்றே உள்ள சி.பி.வி.சி. வேறு பொருள், அதைப் பயன்படுத்தலாம்.

லீட்ஸ் தமிழர்

எஃகுப் பின்னல், செம்புக் குழாய் என்று பேசிக்கொண்டிருப்பவர்கள் பையை ஏன் மறந்துவிடுகிறீர்கள்? ஆஸ்திரேலியாவில் தொடங்கிப் பரவிய பை முறையில், மெல்லிய பாலியெஸ்டர் துணியில் தைத்த பைக்குள் தானியத்தை இட்டு மாஷ் செய்து, முடிந்ததும் பையைத் தூக்கிவிடுகிறார்கள். ஒரே பாத்திரம், ஒரே துணி. அதற்கு வால்வும் வேண்டாம், ஓ-ரிங்கும் வேண்டாம். தானியத்தை எவ்வளவு பொடியாகவும் உடைக்கலாம் என்பதால் சர்க்கரையும் நன்றாக இறங்குகிறது. இங்கிலாந்தில் 1963இல் வீட்டு பியருக்கான உரிம விதி நீங்கிய பிறகு பெருகிய தலைமுறையினர் வாளியையும் துணியையும் வைத்தே நன்றாகத் தயாரித்தார்கள். ஐஸ் பெட்டியே தேவையற்ற சுமை என்று நான் நினைக்கிறேன்.

டென்வர் கொதிகலன்

பையை நானும் மறுக்கவில்லை, ஆனால் பையும் பெட்டியும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. பை செய்வது வடிகட்டும் வேலையை, பெட்டி செய்வது வெப்பத்தைக் காக்கும் வேலையை. லீட்ஸில் எப்படியோ, சனவரி மாத மினசோட்டாவில் சூடாக்கப்படாத கராஜில் வைத்த வெறும் எஃகுப் பாத்திரம் ஒரு மணி நேரத்தில் எத்தனை டிகிரி இழக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். வேண்டுமானால் இரண்டையும் இணைக்கலாம். பையைப் பெட்டியின் உள்ளே விரித்து, தானியத்தை அதில் கொட்டி, இறுதியில் தூக்காமல் குழாயின் வழியே வடித்துக்கொள்ளலாம். 5 கிலோ தானியம் நனைந்தால் 10 கிலோவாகிறது. சொட்டச் சொட்ட அதைத் தூக்கி நிற்பதை விட இது முதுகுக்கு நல்லது. பையின் துணி வடிகால் துளைக்குள் உறிஞ்சப்பட்டு அடைத்துக்கொள்ளும் என்பதை மட்டும் கவனித்து, துளைக்கு முன்னே சிறு எஃகுப் பின்னல் துண்டையாவது வைத்துவிடுங்கள்.

பை வேண்டாம் என்பவருக்கு நான் பரிந்துரைப்பது எஃகுப் பின்னலைத்தான். ஓரிகனைச் சேர்ந்த டென்னி கான் செவ்வக ஐஸ் பெட்டியையும் நீர்க்குழாயின் மேலுள்ள எஃகுப் பின்னலையும் கொண்டு அமைத்த மலிவான மாஷ் கலன், அமெரிக்க வீட்டுத் தயாரிப்பாளர்களிடையே பரவலாக அறியப்பட்டது. கழிவறைத் தொட்டிக்கு இணைக்கும் நெகிழ்குழாயின் இரு முனைகளையும் ஹேக்ஸாவால் அறுத்து, பின்னலை உள்நோக்கித் தள்ளித் தளர்த்தி, உள்ளிருக்கும் ரப்பர்க் குழாயை உருவிவிட்டால் பின்னல் மட்டும் எஞ்சும். ஒரு முனையை மடித்து நசுக்குங்கள், மறுமுனையை ஹோஸ் கிளிப்பால் வால்வின் உட்புறத்தோடு இணையுங்கள். வாங்கும்போது உற்றுப் பாருங்கள்: இப்போது கிடைக்கும் பலவற்றில் எஃகு போலத் தோன்றும் நைலான் இழைதான் இருக்கிறது. தானியத்தின் எடையில் பின்னல் நசுங்காதிருக்க, தடித்த எஃகுக் கம்பியைச் சுருளாக்கி உள்ளே நுழைத்துவிடுவது நல்லது.

செம்புக் குழாய்ச் சட்டமும் துளையிட்ட தகடும் வீண் என்று சொல்ல மாட்டேன். முதல் வடிப்புக்குப் பின் தானியத்தில் தங்கும் சர்க்கரையை வெந்நீரால் அலசி எடுக்கும் முறையைப் பொறுத்தது அது. மேலிருந்து மெதுவாக நீர் தெளித்து, கீழிருந்து அதே வேகத்தில் வடிக்கும் தொடர் அலசலில், நீர் எளிதான வழியைத் தேடி ஒரே ஓடையாக இறங்கிவிட்டால் மற்ற இடத்துச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அங்கே அடித்தளம் முழுவதும் சீராக வடிவது இன்றியமையாதது. அதற்கு வட்ட வடிவக் கலனும் முழு அகலத் தகடும் பொருத்தமானவை. முதல் வடிப்பை முழுவதும் எடுத்துவிட்டு, அலசும் நீரை ஒரே தடவையில் ஊற்றி, நன்றாகக் கிளறி, மறுபடி வடிக்கும் முறையில் சர்க்கரை கிளறலிலேயே கரைந்துவிடுவதால், வடிகட்டி எந்த வடிவில் இருந்தாலும் வேறுபாடு இல்லை. செவ்வகப் பெட்டி வைத்திருப்பவர் இரண்டாம் முறையைத் தேர்ந்துகொண்டால் பாதி விவாதம் முடிந்துவிடும்.

லீட்ஸ் தமிழர்

பெட்டிக்குள் பை என்ற ஏற்பாட்டை ஒப்புக்கொள்கிறேன். கழுவும்போது பையைத் தூக்கிக் குப்பையில் கொட்டினால் போதும் என்பதே அதற்குப் பெரிய ஆதாயம். ஆனால் கொதிக்க வைக்கும் பாத்திரம் எப்படியும் வேண்டும் என்பதால், சிறிய வீட்டில் வாழ்பவருக்கு ஒரே பாத்திரம்தான் சரி என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

நெறியாளர்

இழையைப் படிப்பவர்கள் பல நாடுகளிலிருந்து வருவதால் ஒரு குறிப்பு. அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்கு பியர் தயாரிப்பது 1978இல் இயற்றிய கூட்டரசுச் சட்டத்தால் வரியின்றி அனுமதிக்கப்பட்டது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரம்பு. மாநிலச் சட்டங்கள் தனி. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் அனுமதித்தன. சாராயம் காய்ச்சி வடிப்பது எவ்வளவு சிறிய அளவாக இருந்தாலும் இந்த அனுமதியில் அடங்காது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம் என்பதை அங்கிருந்து படிப்பவர்கள் நினைவில் கொள்ளவும்.

மினியாபோலிஸ்வாசி

அனைவருக்கும் நன்றி. மூடப்பட்ட உணவகம் ஒன்றின் பொருள்களை விற்கும் இடத்தில், இரட்டைச் சுவருள்ள பெரிய எஃகுக் கலன் ஒன்றைப் பார்த்தேன். சூப் கொண்டுசெல்லப் பயன்பட்டதாம். ஐஸ் பெட்டியை விட்டுவிட்டு அதை வாங்கித் துளையிடலாமா? மேலும், நீரின் அளவையும் வெப்பத்தையும் எப்படிக் கணக்கிடுவது என்பதையும் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

குழாய்ப் பணியாளர்

சுவர்களுக்கு இடையே இருப்பது வெற்றிடமா நுரையா என்று தெரியாமல் வாங்காதீர்கள். 1892இல் ஜேம்ஸ் டூவர் வடிவமைத்த குடுவையிலிருந்து இன்றைய ஃப்ளாஸ்க் வரை வெற்றிடக் கலன் எல்லாவற்றிலும் காப்பு என்பது காற்றில்லாத அந்த இடைவெளிதான். துளையிட்ட நொடியில் காற்று புகுந்து, அது வெறும் இரட்டைச் சுவர் அண்டாவாகிவிடும். துளையிடாமல் மேலிருந்து சைஃபன் வைத்து இறக்கலாம் என்றாலும், உமியும் தவிடும் நிறைந்த மாஷில் சைஃபன் அடிக்கடி நின்றுவிடும். அந்த இடத்தில் தேநீரும் காப்பியும் பரிமாறும், நுரை நிரப்பிய பாலிஎத்திலீன் கலன் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். சூடான பானத்துக்கென்றே செய்தது, குழாய்க்கான துளையும் ஏற்கெனவே இருக்கும், மூடியிலும் நுரை இருக்கும்.

டென்வர் கொதிகலன்

கணக்கு கடினமன்று. 5 கிலோ தானியம், கொதிக்கத் தொடங்கும் முன் 27 லிட்டர் வோர்ட் என்று வைத்துக்கொள்வோம். தானியம் கிலோவுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் நீரை உறிஞ்சிக்கொள்ளும், வடிகட்டிக்குக் கீழே அரை லிட்டர் தங்கும். இரண்டு வடிப்புகளும் சம அளவில் இருந்தால் சர்க்கரை அதிகம் இறங்கும் என்பதால், ஒவ்வொன்றும் 13.5 லிட்டர். ஆகவே மாஷுக்கு 19 லிட்டர், அலசுவதற்கு 13.5 லிட்டர். தானியம் கிலோவுக்கு ஏறத்தாழ 0.67 லிட்டர் இடம் பிடிப்பதால் மாஷின் மொத்த அளவு 22 லிட்டரைச் சற்றுத் தாண்டும்; உங்கள் 45 லிட்டர் பெட்டி தாராளம். உள்ளே பாதி காலியாகக் கிடப்பது வெப்பத்துக்கு நல்லதன்று என்பதால், இதற்கென்று புதிதாக வாங்குபவர் இதை விடப் பெரிய பெட்டியைத் தேடிப் போக வேண்டாம்.

மாஷ் நீரின் வெப்பத்தை அறிய, 0.41ஐ ஒரு கிலோவுக்கான நீரின் லிட்டர் அளவால் வகுத்து, வேண்டிய வெப்பத்துக்கும் தானியத்தின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கி, வேண்டிய வெப்பத்தோடு கூட்டுங்கள். மேற்சொன்ன அளவில் தானியம் 20 டிகிரியில் இருந்து, மாஷ் 67இல் அமைய வேண்டுமானால் நீர் 72.1 டிகிரி. தானியம் உங்கள் கராஜில் 5 டிகிரியில் கிடந்தால் 73.7 டிகிரி. இந்தக் கணக்கில் பெட்டியின் சுவர் உறிஞ்சும் வெப்பம் சேராது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு: வெந்நீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து வடித்துவிட்டுத் தொடங்கலாம், அல்லது மாஷ் நீரையே சில டிகிரி கூடுதலாகச் சுடவைத்து ஊற்றி, அது கணக்கிட்ட வெப்பத்துக்கு இறங்கும் வரை காத்திருந்து தானியத்தைச் சேர்க்கலாம். எனக்கு இரண்டாவதே பிடித்தது, நீரும் வீணாவதில்லை.

தானியத்தைச் சிறிது சிறிதாகக் கொட்டி, கட்டி தட்டாமல் கிளறி, மூன்று நான்கு இடங்களில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 67க்குப் பதிலாக 64 காட்டினால் 1.9 லிட்டர் கொதிநீர் அதைச் சரிசெய்யும். நீர் மாஷுக்குள் இறங்குவதால் பெட்டிக்கும் தீங்கில்லை. வெப்பமானியை முன்கூட்டியே பனிக்கட்டி நீரில் சோதித்துவிடுங்கள். கொதிநீரில் சோதிப்பவர்கள் உயரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு மைல் உயரத்திலுள்ள எங்கள் ஊரில் நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மாவுச்சத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே உடைந்துவிடுவதால், இறுதியில் ஒரு டிகிரி குறைந்தால் கவலைப்பட்டு மூடியைத் திறக்காதீர்கள். திறப்பதால் இழப்பதே அதிகம்.

அலசும் நீர் 82 டிகிரி வரை இருக்கலாம். நனைந்த தானியத்தோடு கலந்ததும் அது 76க்கு இறங்கிவிடும். தானியப் படுகை 77ஐத் தாண்டினால், குறிப்பாகக் காரத்தன்மை மிகுந்த நீரில், உமியிலுள்ள துவர்ப்பு இறங்கும். வடிக்கும்போது கலங்கலாக வரும் முதல் இரண்டு மூன்று லிட்டரை மீண்டும் மெதுவாக மேலே ஊற்றிவிட்டு, தெளிந்த பிறகே கொதிகலனுக்குத் திருப்புங்கள். வால்வைத் தொடக்கத்திலேயே முழுவதும் திறந்தால் படுகை இறுகி ஓட்டம் நின்றுவிடும். கோதுமை மிகுந்த பியர் என்றால் கோதுமைக்கு உமி இல்லாததால் இந்த இடர் இன்னும் அதிகம். ஓரிரு கைப்பிடி நெல் உமியை அலசிக் கலந்துவிட்டால் தீர்ந்துவிடும். தயாரிப்புப் பொருள் கடைகளில் உமி விலைக்குக் கிடைக்கிறது என்பது நம்மவர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

மினியாபோலிஸ்வாசி

வால்வைப் பொருத்தி, வெறும் வெந்நீரை ஊற்றிச் சோதித்தேன். கம்பளி போர்த்திய நிலையில் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை டிகிரிக்கும் குறைவாகவே இறங்கியது. ஆனால் வெளிப்புற வாஷரின் ஓரத்தில் நீர்த்துளி அரும்புகிறது. அங்கே சிலிக்கோன் பசை பூசினால் போதுமா?

குழாய்ப் பணியாளர்

பூசாதீர்கள். வெளியே துளி தெரிகிறது என்றால் நீர் ஏற்கெனவே உட்சுவரைக் கடந்து நுரையை நனைத்துவிட்டது என்று பொருள். வெளிவழியை அடைத்தால் நீர் உள்ளேயே தேங்கும். அனைத்தையும் கழற்றி, பெட்டியைத் துளை கீழே இருக்குமாறு சாய்த்து, மின்விசிறிக்கு எதிரே சில நாள்கள் உலரவிடுங்கள். உட்சுவரில் துளையைச் சுற்றி மேடு பள்ளமோ பிளாஸ்டிக் பிசிறோ இருந்தால் மணல்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, சற்றுத் தடித்த ஓ-ரிங்கை வைத்து மீண்டும் முறுக்குங்கள். வெந்நீரில் பிளாஸ்டிக் விரியும் என்பதால் குளிர்ந்த நீர்ச் சோதனையை நம்ப வேண்டாம். அடுத்த சோதனையையும் 70 டிகிரி நீரிலேயே செய்யுங்கள். பெட்டியைக் கழுவ உராய்வுப் பட்டையோ, எஃகுப் பின்னல் மீது குளோரின் கலந்த வெளுப்பானோ வேண்டாம். முன்னது கீறலிட்டு அழுக்கைத் தங்க வைக்கும், பின்னது எஃகைக் குழிகுழியாக அரிக்கும். எடுத்து வைக்கும்போது வால்வைப் பாதி திறந்த நிலையிலும் மூடியைத் திறந்த நிலையிலும் விட்டுவிடுங்கள்.